தண்ணீருக்குள் நிற்கும் காடு

தேக்கடி ஏரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் கரையைத்தான் பார்க்கிறார்கள். யானை வருமா, காட்டெருமை வருமா என்று கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கோ தண்ணீரின் மீதுதான் கண். ஏரியெங்கும் கருத்த மரக்கட்டைகள் நெட்டுக்குத்தலாய் நிற்கின்றன. இலை கிடையாது, கிளை கிடையாது. ஒன்றிரண்டின் உச்சியில் நீர்க்காக்கை சிறகை விரித்துக் காயவைத்துக் கொண்டிருக்கும்.

அந்தக் கட்டைகளுக்கும் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் சோற்றுக்கும் சம்பந்தம் உண்டு. மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றைப் பென்னிகுவிக் துரை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். 1895-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் அணை திறக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் அவர் படத்தைச் சுவாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஆனால் தண்ணீர் தேங்கியபோது ஒரு காடும் மூழ்கிப் போயிற்று. அந்தக் காட்டுக்கு யாரும் படம் மாட்டவில்லை. காற்றுப் படாமல் நீருக்குள் நிற்கும் மரம் லேசில் மக்காது. ஆகவே நூறு வருஷம் தாண்டியும் அது நிற்கிறது.

நீர்மட்டம் தாழ்ந்தால் கட்டைகள் தலை காட்டும், உயர்ந்தால் மறைந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரிகிற கட்டையை எந்தப் படகோட்டியும் சுற்றிக்கொண்டு போய்விடுவான். அரை அடி ஆழத்தில் ஒளிந்து நிற்கிறதே, அதுதான் சத்துரு. இப்படிப்பட்ட தண்ணீருக்கு எந்தப் படகு தாங்கும்?

கம்பத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் சிநேகிதரிடம் ஒரு நாள் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினேன். அவர் படகு ஏறியவரல்ல. ஆனாலும் தயங்காமல் பதில் சொன்னார்.

"இதென்ன மாப்ளே பெரிய விஷயம்? மரப்பெட்டி விழுந்தாப் பலகை பிளக்கும். பிளாஸ்டிக் வாளி விழுந்தாக் கீறல் விடும். அலுமினியத் தூக்கு விழுந்தா நசுங்கும். நசுங்கின தூக்குல மறுநாளும் சோறு கொண்டு போகலாமில்ல?"

பெரிய என்ஜினீயர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். அலுமினியத்தின் கனம் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். படகுக்கென்று மக்னீசியம் கலந்து செய்கிற தகடு இரண்டு முதல் நாலு மில்லிமீட்டர் தடிப்பு இருந்தாலே சிறு படகுக்குப் போதும். கட்டையில் இடித்தால் குழிந்து கொடுத்து, அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். கண்ணாடி இழைப் படகில் விழுந்த வெடிப்பைக் கவனிக்காமல் விட்டால், தண்ணீர் உள்ளே கசிந்து அடுக்குகளைப் பிரித்துவிடும்.

அலுமினியத்துக்கும் சீக்கு உண்டு. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் முறிவது போல, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடி வாங்கினால் வெடிக்கும். ஆணி அடித்து இணைத்த படகானால் ஆணிகள் தளர்ந்து ஒழுகும். புளிக்குழம்பை வைத்த அலுமினியச் சட்டியில் புள்ளி புள்ளியாய் அரிக்குமல்லவா? செம்புத் துண்டு ஒன்று ஈரத்தோடு தகட்டில் ஒட்டிக் கிடந்தாலும் அதே கதிதான்; நாளடைவில் துளையே விழக்கூடும்.

பெரியாற்றுத் தண்ணீர் மலையிறங்கிக் கடைசியில் வந்து சேர்கிற வைகை அணையில், பரிசலில் மீன் பிடிக்கும் ஒரு பெரியவரிடம் இதையே கேட்டேன். வெள்ளம் அடித்து வரும் கிளைகளுக்கும் வேலிமுள்ளுக்கும் நடுவில் பிழைக்கிறவர் அவர். மூங்கில் பின்னலை நம்பித் தண்ணீரில் இறங்குகிறவருக்குத் தகட்டைப் பற்றி அபிப்பிராயம் இருக்காது என்று நினைத்தேன். அவர் துடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தகடு எம்புட்டுத் தடிப்புன்னு கேக்காதீக தம்பி. ஓட்டுறவன் எம்புட்டு வேகம்னு கேளுங்க."

காலேஜில் இன்டர்மீடியட் வகுப்பில் படித்த பௌதிகம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேகம் இரண்டு மடங்கானால் இடிக்கும் சக்தி நாலு மடங்காகிறது. மெதுவாகப் போகிற படகில் குழி விழும். அதே கட்டையில் விரைந்து மோதினால் கிழியும்.

இருந்தாலும், அடிப்பாகம் கெட்டியாக இருந்தால் மட்டும் உயிர் தப்பிவிடுமா? 2009-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற இரட்டைத் தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். கட்டையில் மோதி உடைந்த படகல்ல அது. கரையில் விலங்கைக் கண்டதும் பிரயாணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. தகட்டையும் கட்டையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தச் செய்தி வாயடைத்துவிட்டது. ஓட்டை விழாத படகும் ஆளை மூழ்கடிக்கும். மோதலைத் தாங்குவது ஒரு பலம். சாயாமல் நிற்பது வேறு பலம். முன்னதைத் தகடு தரலாம். பின்னதைப் படகைக் கட்டியவனும், ஆள் ஏற்றுகிறவனும், ஏறி உட்காருகிற நாமும் சேர்ந்துதான் தரவேண்டும்.

ஆகையால் தேக்கடிக்குப் போகிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மிதவைச் சட்டையைச் சரியாகக் கட்டிக்கொள்ளுங்கள். யானையே வந்தாலும் இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள். ஒன்றுமே தெரியாத வெட்டவெளித் தண்ணீரில் படகோட்டி திடீரென்று வேகத்தைக் குறைத்தால், "ஏனப்பா நிறுத்துகிறாய்?" என்று அவனை விரட்டாதீர்கள். அங்கே நமக்குச் சோறு போட்ட காடு நின்றுகொண்டிருக்கிறது.