மாடிக்கு ஒரு பிளக் பாயின்ட்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு. மூன்று மாடிக் கட்டடம். கீழே பாத்திரக்கடை, அதற்கு மேல் துணிக் கிடங்கு, உச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். மொட்டைமாடியில் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுகள் வரிசையாக நிற்கின்றன. மேற்கே பத்மநாபசுவாமி கோயில் கோபுரம், அதற்கும் அப்பால் கடல். உப்புக்காற்று பட்டு யூனிட்டுகளின் தகரம் பொரிந்திருக்கிறது.

ஐப்பசி மாதம். காலையில் சுள்ளென்று வெயில், மதியத்துக்கு மேல் இடியோடு மழை. நேற்றைய தண்ணீர் தளத்தின் பள்ளத்தில் குளமாகக் கிடக்கிறது.

மெக்கானிக் நாகர்கோவில்காரர். கூட ஒரு பையன். வாக்குவம் பம்ப், ஜெட் பம்ப், கேஜ், கேஸ் சிலிண்டர் எல்லாம் மாடி ஏறிவிட்டன. சுவரெங்கும் வயர் ஓடுகிறது. பம்பைச் செருக மட்டும் ஓரிடம் இல்லை.

பையன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு கீழே இறங்குகிறான். ஆடிட்டர் மேஜைக்கு அடியில் ஒரு பாயின்ட் கிடைக்கிறது. வயர் கதவிடுக்கில் நுழைந்து, படியேறி, கம்பிக் கதவைத் தாண்டி மாடிக்கு வருகிறது. நடுவில் ஒரு ஒட்டு. அதைச் சுற்றிய கறுப்பு டேப்பின் நுனி பிரிந்து நிற்கிறது. நீளம் போதவில்லை. இன்னொரு பாக்ஸை அதில் செருகுகிறான். இரண்டாவது பாக்ஸ் தண்ணீருக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்கிறது.

பம்ப் ஓடுகிறது. குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுக்க இழுத்த பிறகுதான் கேஸ் ஏற்ற முடியும். மெக்கானிக் கேஜைப் பார்த்தபடி குத்தவைத்திருக்கிறார்.

பம்ப் நிற்கிறது.

கீழே யாரோ கம்ப்யூட்டருக்கு வேறு சுவிட்ச் தேடி இதை அணைத்திருக்கிறார்கள். பையன் ஓடுகிறான். கேஜ் முள் மெல்லத் திரும்புகிறது. மெக்கானிக் வால்வை மூடுகிறார். மறுபடி முதலிலிருந்து.

கட்டட உரிமையாளர் மேலே வருகிறார். முண்டை மடித்துக் கட்டியிருக்கிறார். வயரைத் தாண்டக் காலைத் தூக்குகிறார். தண்ணீரைப் பார்க்கிறார், பாக்ஸைப் பார்க்கிறார். தூக்கிய கால் பின்னுக்குப் போகிறது.

“எப்போழும் இங்ஙனெயாணோ?”

“எல்லா பில்டிங்கிலயும் இப்படித்தான் சேட்டா.”

அந்த வாரமே மாடியில் ஒரு பிளக் பாயின்ட் போட வயர்மேன் வருகிறார். லைசென்சிங் போர்டின் பெர்மிட் சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. முதலில் அவர் எதையும் திறப்பதில்லை. மாடியில் நடக்கிறார். கடைசி யூனிட்டிலிருந்து சுவர் வரை டேப் பிடித்து அளக்கிறார்.

அமெரிக்காவின் மின்விதித் தொகுப்பில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. ஏ.சி. யூனிட்டிலிருந்து 25 அடிக்குள், அதே தளத்தில், ஒரு பிளக் பாயின்ட் இருக்க வேண்டும். யூனிட்டின் ஐசொலேட்டரைத் தாண்டிய வயரிலிருந்து அதற்கு மின்சாரம் எடுக்கக் கூடாது. ஐசொலேட்டரை அணைத்தால்தான் யூனிட்டில் கை வைக்க முடியும். பாயின்ட்டும் கூடவே அணைந்தால் பம்புக்கு மறுபடி படிக்கட்டு வயர்தான்.

யூனிட்டின் வயரிலேயே கொக்கி போட்டுக் கொள்ளலாமே என்கிறார் உரிமையாளர். வயர்மேன் தலையாட்டுவதில்லை. மூன்றாம் மாடி சுவிட்ச் பெட்டியான டி.பி.யிலிருந்து தனி லைன் இழுக்கிறார். 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர். சிவப்பு, கறுப்பு, பச்சை. பி.வி.சி. பைப் வெயில் படாத சுவரோரமாக ஏறுகிறது. டி.பி.யில் 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று, அதன் பக்கத்தில் மின்கசிவைக் கண்காணிக்கும் இ.எல்.சி.பி. ஒன்று. இ.எல்.சி.பி.யின் முகத்தில் 30 எம்.ஏ. என்று அச்சிட்டிருக்கிறது.

அந்த அளவு கசிந்தால் அது தானே துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர். சின்ன எல்.இ.டி. பல்பு இழுப்பதைவிடக் கொஞ்சமே அதிகம். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவரின் உடம்பு வழியாக அது நின்று பாய்ந்தால் மூச்சுத் தசைகள் இறுகிப்போகும், இதயம் தாளம் தப்பலாம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், எவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் கை பிடியை விட முடியாமல் போகிறது என்று தன்னார்வலர்களிடம் அளந்து பார்த்தவர். கசிவை உணர்ந்து தானே துண்டிக்கும் கருவியை 1961-ல் உருவாக்கியவரும் அவரே. அமெரிக்காவில் அந்தக் கருவி 5 மில்லி ஆம்பியர் வாக்கிலேயே விழுந்துவிடும். இங்கே வழக்கம் 30.

மாடிச் சுவரில், முழங்காலுக்கு நன்றாக மேலே, பெட்டி ஏறுகிறது. ஐ.பி.66. தூசி புகாது, பீய்ச்சும் தண்ணீர் புகாது. ஓரத்தில் ரப்பர் கேஸ்கெட். மூடி ஆழமானது, பிளக் செருகியிருக்கும்போதும் மூடும். வயர் நுழைகிற துளை பெட்டியின் அடியில். மேலே துளை போட்டால் மழை வயரைப் பிடித்தே உள்ளே இறங்கும். கிளாண்டைக் கையால் இறுக்குகிறார், பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று.

பச்சை வயரை முதலில் முடுக்குகிறார். பிடித்து இழுத்துப் பார்க்கிறார். வரவில்லை. இன்னொரு முறை இழுக்கிறார்.

கரண்டு கொடுத்தாகிவிட்டது. டி.பி.யில் டெஸ்ட் பட்டனை அழுத்துகிறார். டக். நெம்புகோல் விழுகிறது. உரிமையாளர் புன்னகையோடு பர்ஸை எடுக்கிறார்.

வயர்மேன் கை காட்டி நிறுத்துகிறார். டெஸ்ட் பட்டன் சோதிப்பது இ.எல்.சி.பி.யின் உள்பொறியை மட்டும். பாயின்ட் வரை எர்த் வந்து சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. பையிலிருந்து ஹோல்டர் பல்பு ஒன்றை எடுக்கிறார். காப்பிட்ட இரண்டு முனைகள். ஒன்று ஃபேஸில், ஒன்று நியூட்ரலில். எரிகிறது. நியூட்ரலிலிருந்து முனையை எடுத்து எர்த் துளைக்கு மாற்றுகிறார். பல்பு கண்ணைச் சிமிட்டக்கூட நேரமில்லை. கீழே டக்.

“இப்ப சரி.”

கடைசியாக ஐசொலேட்டரை அணைக்கிறார். யூனிட்டின் விசிறி நிற்கிறது. பாயின்ட்டில் பல்பு எரிந்துகொண்டிருக்கிறது.

மறுநாள் மாடியில் நான்கு பேர். தளத்து விரிசலை அடைக்க ஒரு கொத்தனார் வந்திருக்கிறார். ஏ.சி. மெக்கானிக்கும் பையனும் பாயின்ட்டில் பம்பை ஓட்டி முடித்து வயரைச் சுருட்டுகிறார்கள். வயர்மேன் பில்லோடு நிற்கிறார். தேங்கிய தண்ணீரை இறைக்கக் கொத்தனார் ஒரு சின்ன மோட்டார் கொண்டுவந்திருக்கிறார். வயர் நுனியில் பிளக் இல்லை. இரண்டு வயர்களின் தோல் உரித்திருக்கிறது, பச்சை உறையோடு ஒட்ட நறுக்கப்பட்டிருக்கிறது. காதிடுக்கில் இரண்டு தீக்குச்சி தயாராக இருக்கிறது.

வயர்மேன் பில்லைப் பையில் வைக்கிறார். உறையை இரண்டு விரற்கடை சீவுகிறார். பச்சை தலைகாட்டுகிறது. மூன்று பின் பிளக் ஒன்றைத் தன் பையிலிருந்தே எடுத்து முடுக்கிக் கொடுக்கிறார்.

கொத்தனார் செருகி சுவிட்சைப் போடுகிறார். டக்.

மறுபடி. டக்.

“நேத்து வர நல்லா ஓடிச்சு அண்ணே. தொட்டா கை சுருக்குன்னு இழுக்கும், அவ்ளோதான். செருப்பு போட்டுக்குவேன்.”

வயர்மேன் பிளக்கை உருவுகிறார். மோட்டாரின் தகர உடம்பைச் சுற்றி வயரை இறுக்கிக் கட்டுகிறார். கொத்தனார் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு வைண்டிங் கடைக்குப் படி இறங்குகிறார். பையன் வாளி தேடுகிறான்.