எத்தனை கோடு?

ரெண்டு குளிர்காலத்துக்கு முன்னாடி பையனை பரத்பூர் கூட்டிட்டுப் போனேன். குர்காவ்ன்ல இருந்து நாலு மணி நேரம். கிளம்பறதுக்கு முந்தின வாரம்தான் கடைத்தெருவுல ஒரு பைனாகுலர் வாங்கியிருந்தேன். 1,200 ரூபாய். பெட்டி மேல 50×50ன்னு கொட்டை எழுத்து, லென்ஸ் ரெண்டும் செக்கச்செவேல்னு மின்னும். தங்கமணிகிட்ட பீத்திக்கிட்டேன்.

கேவலாதேவ் கோயில் பக்கத்துல ஒரு கல்வெட்டு இருக்கு. ராஜா காலத்து வேட்டைக் கணக்கு. 1938 நவம்பர் 12, வைஸ்ராய் லின்லித்கோ வந்த அன்னிக்கு மட்டும் 4,273 பறவைங்க. இன்னிக்கு அங்க துப்பாக்கி கிடையாது, எல்லார் கழுத்துலயும் பைனாகுலர்தான்.

ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்தி, தண்ணி ஓரத்துல மேய்ஞ்சுக்கிட்டிருந்த வரித்தலை வாத்துக் கூட்டத்தைக் காட்டினார். இமயமலையைத் தாண்டி வர்ற ஜாதி. நம்ம திருநெல்வேலி கூந்தன்குளத்துக்கும் வரும்.

"தெரியுதாடா?"

"தெரியுதுப்பா, சூப்பரா இருக்கு!"

"தலையில எத்தனை கறுப்புக் கோடு?"

கொஞ்சம் யோசிச்சுட்டு, "மூணு"ன்னான்.

ரெண்டுதான். அவனுக்கு ஒண்ணுமே தெரியலை. அப்பா ஆசையா வாங்கினதாச்சேன்னு காலையிலேர்ந்து தெரியற மாதிரியே நடிச்சிருக்கான். ஒன்பது வயசு. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். உங்களுக்கும் உதவும்.

முதல் நம்பர் எத்தனை மடங்கு பெருசாத் தெரியும்ங்கறது. ரெண்டாவது, முன் லென்ஸோட அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவதை முதலாவதால வகுத்தா கண்ணுக்கு வர்ற ஒளிவட்டத்தோட அளவு. 8×42ன்னா அஞ்சு மி.மீ.க்கு மேல. 50×50 நிஜம்னே வெச்சுக்கிட்டாலும் ஒரே ஒரு மி.மீ., விடிகாலையில இருட்டுதான். கை நடுக்கமும் 50 மடங்கு. கையில பிடிச்சுப் பார்க்க 8 போதும், மிஞ்சிப் போனா 10. சிவப்பு கோட்டிங் வெறும் பகட்டு. உள்ள போக வேண்டிய வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிடும்.

ஆனா எங்களைக் கவுத்தது வேற விஷயம்: ஐ ரிலீஃப். கண்ணு அதிகபட்சம் எவ்வளவு தள்ளி இருந்தா முழு வட்டமும் தெரியும்ங்கற தூரம். கண்ணாடி போட்டவங்களுக்கு 15 மி.மீ.யாவது வேணும். வெறும் மைனஸ் பவர்னா கண்ணாடியைக் கழட்டிட்டு ஃபோகஸ் திருகிப் பார்த்துக்கலாம். இவனுக்கு சிலிண்டர் பவர், கழட்டினா சரிப்படாது. கடையில நான் என் கண்ணை வெச்சுப் பார்த்தேனே தவிர, அவனைப் பார்க்கச் சொல்லவே இல்லை!

இந்தத் தடவை அவனையும் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். கண் வைக்கிற ரப்பர் வளையத்தைக் கீழ இறக்கி, கண்ணாடியோட அவனையே பார்க்கச் சொன்னேன். மூணு மாடல் பார்த்தான். ரெண்டுல ஓரம் கறுப்பா அடிக்குதுன்னான். மூணாவது ஒரு 8×42. எட்டாயிரம் சொச்சம். தங்கமணி முறைச்சாங்க, பரவாயில்லை :-)

போன ஜனவரியில மறுபடியும் அதே இடம். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. நான் எதுவும் கேட்கலை.

அவனே சொன்னான், "அப்பா, ரெண்டு கோடு."