சந்தகை லக்சா

இந்தத் தடவை பாடம் இல்லை, சாப்பாடு.

போன ஞாயிறு நானும் மனைவியும் அக்காவும் பல்லடத்திலிருந்து பொள்ளாச்சி ரோட்டில் நெகமம் தாண்டி ஒரு தென்னந்தோப்பு விடுதிக்குப் போனோம். நடத்துவது என்னிடம் பத்தாவது படித்த பையன். பெயர் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டான். சிங்கப்பூரில் பதினோரு வருஷம் சமையல்கட்டில் நின்றவன்.

அக்காவுக்கு 78 வயது. கருப்புக் கிண்ணத்தையும் இரண்டு குச்சியையும் பார்த்ததும், "ஏங்கண்ணு, இதுல எப்படித் திங்கறது?" என்றார். ஸ்பூன் வந்தது. உள்ளே பார்த்தால் நம்ம சந்தகை! மேலே தேங்காய்ப்பால் குழம்பு, எலுமிச்சைப் புல் வாசம், பேரரத்தைக் காரம். லக்சா என்று அங்கே பெயர். அரிசி நூடுல்ஸும் தேங்காய்ப்பாலும்தான் அதற்கும் அடிப்படை. நாம் வெல்லம் போடுகிற இடத்தில் அவர்கள் மிளகாய் அரைத்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் நாம் கேட்டு வாங்கும் மஞ்சூரியனே 1975-ல் பம்பாயில் நெல்சன் வாங் என்பவர் செய்தது என்பார்கள். கலப்பு என்று யார் முகம் சுளிப்பது?

சந்தகை பிழிவது அவன் அம்மா. இடியாப்பத்தைப் பிழிந்து வேகவைப்போம். சந்தகைக்கு மாவை இட்லி மாதிரி வேகவைத்து, சூடு ஆறுமுன் பிழிய வேண்டும். ஆறினால் அச்சில் இறங்காது. அந்தம்மாவுக்குத் தோள் வலி. ஆள் வைக்க வசதியில்லை. சனி ஞாயிறு தவிர மேசைகள் காலி. தோப்பை அடமானம் வைத்துத் தொடங்கிய கடை. அப்பா இன்றுவரை அந்தக் கிண்ணத்தைத் தொட்டதில்லை. "பேசாம தறி ஓட்டியிருக்கலாமுங்க வாத்தியாரே" என்று என்னிடமே சொன்னார்.

"ஆடி வரைக்கும் பார்க்கறேனுங்க சார். உண்மையச் சொல்லுங்க, நல்லா இருக்குதுங்களா?"

லக்சா பிரமாதம். சோயா சாஸ் ஊற்றிய பள்ளிபாளையம் கோழி எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல் போதும். சாஸ் உப்பை ஏற்றிவிட்டது. சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டான். வகுப்பில் ஒருநாளும் நோட்டைத் திறக்காத பயல்!

வார நாளில் அந்தப் பக்கம் போகிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், வழி சொல்கிறேன். பத்துப் பேராகப் போவதென்றால் முதல்நாளே சொல்லிவிடுங்கள். அந்தம்மா அரிசி ஊறப்போட வேண்டும்.