அவள் பேராலேயே கேட்போம்

பெண்பிள்ளைகளின் படிப்பு, குழந்தைகளின் ஊட்டச்சத்து, பெண்களின் இனப்பெருக்க நலம் ஆகிய மூன்றுக்காகவும் அரசிடமும் ஊராரிடமும் வாதாடுவதையே வேலையாகக் கொண்ட பெண்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறோம். மனு எழுதுவது, கிராம சபையில் எழுந்து பேசுவது, சமூக நல அலுவலரைப் பார்ப்பது, மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் சட்டமன்ற உறுப்பினர்களிடம் விவரங்களைக் கொண்டு சேர்ப்பது எல்லாம் இதில் அடக்கம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கோரிக்கைதான் கண்ணில் படும். ஆனால் நெடுங்காலம் நின்று வேலை செய்வது கோரிக்கைக்கு நாம் சொல்லும் காரணம். ஒரு திட்டம் யாரைச் சேரும், எந்த வயதில் தொடங்கும், எங்கே நின்றுபோகும் என்பதையெல்லாம் அந்தக் காரணமே முடிவு செய்துவிடுகிறது. பெண்ணுக்காகக் கேட்டதில் பெரும்பகுதியை இதுவரை தாயின் பேராலும் குழந்தையின் பேராலும் கேட்டு வந்திருக்கிறோம். தாய்க்கும் குழந்தைக்கும் கிடைத்தது. குழந்தைப் பருவம் முடிந்து இன்னும் தாயாகாத பெண் நடுவில் விடுபட்டுப் போனாள். இனி அவளுக்கு வேண்டியதை அவள் பேராலேயே கேட்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

திட்டங்களை ஒரு பெண்ணின் வயதோடு வரிசைப்படுத்திப் பார்த்தால் இது விளங்கும். அவள் கருவில் இருக்கும்போதே தாயின் பேரில் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் பதிவாகிறது. பிறந்தபின் ஆறு வயது வரை அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள், சத்துமாவு கொடுக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் 2022 முதல் காலை உணவும் உண்டு. மதியச் சத்துணவு 1982இல் கிராமங்களில் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு எனத் தொடங்கி, அதே ஆண்டு நகரங்களுக்கும், 1984இல் 15 வயது வரை படிக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது. அந்த எல்லை அப்படியே நிலைத்துவிட்டதால் 10ஆம் வகுப்போடு சத்துணவு நின்றுவிடுகிறது. ஒன்றிய அரசின் மதிய உணவுத் திட்டமோ 8ஆம் வகுப்போடு முடிகிறது. வளரிளம் பெண்களுக்கென்று அங்கன்வாடி வழியாக உணவு தரும் ஒன்றியத் திட்டம் ஒன்று இருக்கிறது. இப்போது அது 14 முதல் 18 வயதினருக்கானது. ஆனால் வடகிழக்கு மாநிலங்கள் நீங்கலாக, முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று வகைப்படுத்தப்பட்டவற்றில் மட்டுமே நடக்கிறது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை விருதுநகரும் ராமநாதபுரமும். தர்மபுரியில் இருக்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு இதில் இடமில்லை. அவள் பள்ளியை விட்டு நின்றவள் என்றால் வருகைப் பதிவேட்டிலிருந்தும் பெயர் போய்விடும். மறுபடி அரசு அவளை அக்கறையோடு தேடி வருவது அவளே பிக்மி எண் வாங்கும் நாளில்தான்.

இந்த இடைவெளி உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு மாத்திரையை வைத்தே பார்க்கலாம். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை. நீல நிறம், உள்ளே 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும். சாப்பிட்டபின் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு வலிக்கும். மறுநாள் மலம் கறுத்துப் போவது இயல்பு என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பயமும் சேர்ந்துகொள்ளும். சத்துணவு இருக்கும் வகுப்பில் சாப்பாடு முடிந்த கையோடு மாத்திரை கொடுத்து, ஆசிரியர் கண்முன்னே விழுங்க வைக்க முடிகிறது. 11ஆம் வகுப்பில் அந்தச் சாப்பாடு இல்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் இரண்டு பேருந்து மாறி வரும் மாணவி மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொள்வாள், அது அங்கேயே கிடக்கும். மாத்திரை சுகாதாரத் துறையுடையது, சாப்பாடு சமூக நலத் துறையுடையது, வகுப்பறை கல்வித் துறையுடையது. மூன்றும் ஒரே வயிற்றில் கூடினால்தான் பலன். படிப்பையும் ஊட்டத்தையும் இனப்பெருக்க நலத்தையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது இதனால்தான்.

தமிழ்நாடு இதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது, பீகாருக்கோ ராஜஸ்தானுக்கோ சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறீர்களே என்று கேட்பவர்கள் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைத் திறந்தால் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது பெரிய சாதனை, கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாக நடந்து கொண்டுவந்தது. ஆனால் அதே ஆய்வு, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது. 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணமுடித்துக் கொடுக்கப்பட்டவர்கள். பிரசவத்தில் ஏறக்குறைய முழு வெற்றி, இரத்தத்தில் பாதித் தோல்வி. இரண்டும் ஒரே மாநிலத்தில் எப்படி ஒன்றாக நிற்கின்றன? தாய் என்ற இடத்தில் கேட்டது முழுதாகக் கிடைத்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு யாரும் அதே அழுத்தத்தோடு கேட்கவில்லை.

தாயின் பேரால் கேட்டதால்தானே இவ்வளவும் கிடைத்தது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. இதை நான் மறுக்கவில்லை. 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து அதன் துணைத் தலைவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, குழந்தை மணத்துக்கு எதிராக வாதாடியபோது, இளம் வயதுப் பிரசவம் உடம்பை என்ன செய்யும் என்பதை மருத்துவராக எடுத்துரைத்தார். கேட்க மறுத்தவர்களையும் அந்த மருத்துவக் காரணம் கேட்க வைத்தது. நிதித்துறையிடம் பேசும்போது, தாய் படித்திருந்தால் சிசு மரணம் குறையும் என்ற வாதம் இன்றும் கோப்பை நகர்த்துகிறது. நகர்த்தட்டும். ஆனால் அந்த வாதத்தை அதன் சொந்த வழியிலேயே கடைசி வரை கொண்டுபோனாலும் அது கர்ப்பத்துக்கு முந்தைய வயதில்தான் போய் முடியும். சிசுவின் நரம்புக் குழல் கருத்தரித்த சுமார் 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அதற்குள் தெரிந்திருக்காது. மூன்றாம் மாதத்தில் பதிவு செய்து கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தால் அந்தக் குழல் மூடாமல் போகும் குறையைத் தடுக்க முடியாது. பல வருடங்களாக வற்றிப்போன இரும்புச் சேமிப்பையும் மிச்சமிருக்கும் ஆறு மாதத்தில் நிரப்பிவிட முடியாது. ஆக, தாயின் நலம் ஒன்றே நோக்கம் என்று வைத்துக்கொண்டாலும் தாயான பின் தொடங்குவது தாமதம்.

ஆனாலும் அதையே முதன்மைக் காரணமாக வைக்கலாகாது என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. கர்ப்பத்தடையை ஆதரித்த மற்றவர்கள் பெண்ணின் உடல்நலம், குழந்தைகளின் நலம், குடும்பச் சொத்து, நாட்டின் வறுமை என்று காரணம் சொன்ன காலத்தில், பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று பெரியார் தம் காரணத்தைப் பிரித்துக் காட்டினார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது. அரசு எடுத்துக்கொண்டதோ மக்கள்தொகைக் காரணத்தை. அதன் விளைவை ஆய்வு எண்களில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டிருக்கிறார்கள், ஆண்களின் பங்கு 0.1. எண்ணிக்கையைக் குறைப்பதே நோக்கம் என்றால் பிள்ளை பெற்று முடித்தவளைப் பிரசவ வார்டிலேயே அறுவைக்கு அனுப்புவது போதும். எப்போது, எத்தனை, யாரோடு என்று அவளே முடிவெடுப்பது நோக்கமாக இருந்திருந்தால் முதல் பிள்ளைக்கு முன்பே, திருமணத்துக்கும் முன்பே பேச்சு தொடங்கியிருக்கும்.

காரணம் மாறினால் திட்டம் மாறும் என்பதற்கு நல்ல சான்றும் உண்டு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திட்டம் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு நிதி தந்தது. 8ஆம் வகுப்பு வரையாவது படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல பெண்களைப் பள்ளியில் தக்கவைத்தது. ஆனாலும் பணம் மணப்பெண்ணுக்குத்தான். 2022இல் அதே பெயர் தாங்கிய திட்டம் புதுமைப் பெண் என மாறி, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. வங்கிக் கணக்கு அவள் பெயரில். இதற்குப் பத்தாண்டு முன்பே, கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் புதுயுகம் திட்டம் பள்ளிக்குப் போகாதவளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அவளை அவளாகவே பார்க்க அரசுக்குத் தெரியும். கேட்டால் பார்க்கிறது.

எங்கள் வேலையில் இருப்பவர்களே சொல்லும் இன்னொரு தயக்கம், இனப்பெருக்க நலத்தைப் படிப்போடு சேர்த்துப் பேசினால் பெற்றோர் மிரண்டு பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பமாட்டார்கள், முதலில் படிக்கட்டும் மற்றது பிறகு என்பது. பயம் உண்மையானதுதான். ஆனால் பெண் பூப்பெய்தியதும் படிப்பை நிறுத்துவதும், கழிப்பறை சரியில்லாத பள்ளிக்கு மாதத்தில் சில நாள் போகாமலிருப்பதும், காதலித்துவிடுவாளோ என்று அவசரமாகக் கட்டிக்கொடுப்பதும் நாம் பேசியதால் நடப்பவை அல்ல. பேசாத இடத்திலும் அவைதான் படிப்பை நிறுத்துகின்றன. பதினேழு வயதில் கருவுற்றவளின் நிலை இன்னும் கடினம். 18 வயதுக்குட்பட்டவளின் கர்ப்பம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தாக வேண்டும் என்பதால் குடும்பம் ஆரம்ப சுகாதார நிலையத்தையே தவிர்க்கிறது, அல்லது வயதைக் கூட்டிச் சொல்கிறது. சட்டப்படியான கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரை மருத்துவர் வெளிப்படுத்த வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்திய பிறகும் அந்தச் செய்தி எத்தனை கிராமங்களுக்குப் போயிருக்கிறது? நாம் மௌனமாக இருந்தால் அவள் பாதுகாப்பாக இருப்பாள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. எப்படிப் பேசுவது என்பதில்தான் கவனம் வேண்டும். ஊரில் ஏற்கெனவே நம்பிக்கை பெற்ற செவிலியரும் ஆசிரியையும் முன்னிற்க, தாய்மார்களிடம் முதலில் பேசிவிட்டுப் பிறகு பெண்களிடம் போவதே சரியான வரிசை.

இதை மனுவின் வாசகத்திலேயே கொண்டுவர வேண்டும். “வருங்காலத் தாய்மார்களான வளரிளம் பெண்களின் ஊட்டச்சத்தை மேம்படுத்த ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்” என்று எழுதினால் அலுவலகத்தில் அதை வாங்கி, ஒரு விழிப்புணர்வு முகாம் நடத்தி, கோப்பை முடித்துவிடலாம். “11, 12ஆம் வகுப்பு மாணவிகளும் பள்ளியில் பசியின்றிப் படிக்கும் உரிமை உடையவர்கள், எனவே சத்துணவை 12ஆம் வகுப்பு வரை நீட்டித்து ஆணையிடவும், பள்ளியை விட்டு நின்ற 18 வயதுக்குட்பட்ட பெண்களை அங்கன்வாடிப் பயனாளிகளாக எல்லா மாவட்டங்களிலும் சேர்க்கவும் கோருகிறோம்” என்று எழுதினால் எந்தத் துறை, எந்த வகுப்பு, எந்த வயது என்று பதில் சொல்லியாக வேண்டும். முதல் வாசகம் அவளை நாளை பெறப்போகும் பிள்ளைக்காக மதிக்கிறது. இரண்டாவது, இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அவளை மதிக்கிறது. அவள் நாளை தாயாகலாம், ஆகாமலும் போகலாம். எதைத் தேர்ந்தாலும் அவளுடைய இரத்தமும் படிப்பும் முடிவெடுக்கும் உரிமையும் அவளுக்குச் சேர வேண்டியவை. மனுவின் முதல் வரியிலேயே இதை எழுதத் துணிவதுதான் இந்த வேலையில் இனி நாம் பழக வேண்டிய திறமை.