மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்களா? கூடப் போறவங்களுக்காக ஒரு இழை

1/
"சார், மெட்ராஸ்ல எங்க தங்கறது?"

மேல்சிகிச்சைக்குச் சென்னைக்கு எழுதிக் கொடுக்கும்போது, நோயைப் பற்றிக் கேட்பதற்கு முன்னாடியே வர்ற கேள்வி இது. மூங்கில்துறைப்பட்டுல வைத்தியம் பார்க்கிறேன், அதனால வாரத்துக்கு ரெண்டு தடவையாவது கேட்டுடுவேன். அந்தத் துறைமுக நகரத்துக்குச் சுற்றுலா போறவங்களுக்கு வழிகாட்ட நிறைய பேர் இருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு நான் எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்ல என் வீட்டுக் கதை. 1996. அப்பா சர்க்கரை ஆலைத் தொழிலாளி. இதய வால்வு ஆபரேஷனுக்காகச் சென்னைக்குப் போனார், கூட அம்மா. எனக்கு அப்போ பதினாலு வயசு, பாட்டியோட ஊர்ல இருந்தேன்.

அம்மா பத்தொன்பது நாள் அங்கே இருந்தாங்க. ராத்திரி வராந்தாவுல பாய், பகல்ல அப்பா கட்டில் பக்கத்துல ஸ்டூல்.

3/
பதினோராம் நாள் படிக்கட்டுல மயங்கி விழுந்தாங்க. நெத்தியில ஆறு தையல்.

காரணம் ரொம்ப சாதாரணம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலையில மாத்திரையைப் போட்டுட்டாங்க, சாப்பிடல. "உங்கப்பாவுக்கு இளநி வாங்கணும், எனக்கு ஒரு பன்னு போதும்னு இருந்துட்டேன்." அன்னைக்கு அந்தப் பன்னும் இல்ல. மாத்திரை தன் வேலையைச் செஞ்சது, சர்க்கரை சட்டுனு இறங்கிடுச்சு.

ஊர்லேர்ந்து அத்தை ஓடுனாங்க, ரெண்டு பேரையும் பாத்துக்க.

4/
இதை யார் மேலயும் பழி போடறதுக்காகச் சொல்லல. டாக்டர்கள், நர்சுகள் எல்லார் கண்ணும் நோயாளி மேலதான் இருக்கும், இருக்கணும். கூட இருக்கிறவங்களைக் கவனிக்க வேண்டியது குடும்பம். அதைத்தான் நாம முன்கூட்டியே யோசிக்கறதில்ல. அதனால இப்பல்லாம் சென்னைக்கு எழுதிக் கொடுக்கும்போது, கடிதத்தின் பின்பக்கத்துல கூடப் போறவங்களுக்கும் சேர்த்து எழுதறேன். கீழே உள்ளது அதுதான்.

5/
முதல் கேள்வி: போகத்தான் வேணுமா?

எங்கப்பா காலத்துல பக்கத்துல வேற வழி இல்ல. இப்போ திருவண்ணாமலையிலயும் முண்டியம்பாக்கத்துலயும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. கள்ளக்குறிச்சியிலேயே 2022 ஜனவரியில திறந்தாச்சு. எழுதிக் கொடுக்கிற டாக்டர்கிட்ட "இது பக்கத்துலயே முடியுமா சார்?"னு தைரியமா கேளுங்க. அது மரியாதைக்குறைவு இல்ல.

6/
போறதுன்னா எடுத்துட்டுப் போக வேண்டியது: ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பழைய ரிப்போர்ட் எல்லாத்தோட ஜெராக்ஸ். காப்பீட்டு அட்டை இல்லாட்டி ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டுக் கவுண்டர் இருக்கும், அங்க கேளுங்க.

இன்னொண்ணு, உங்க மாத்திரை. பிரஷர், சுகர், தைராய்டு, எதுவா இருந்தாலும் ஒரு மாசத்துக்கானது. உங்க மருந்துச் சீட்டும் கூட.

7/
வழி: செஞ்சி, திண்டிவனம் வழியா வர்ற பஸ்னா கிளாம்பாக்கத்துல இறங்கணும். அங்கிருந்து மாநகரப் பேருந்து உண்டு. இல்லன்னா வண்டலூர் போய் மின்சார ரயில் பிடிச்சு பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா எதிரே ஜி.எச்.

2024 மே முதல் திருவண்ணாமலைலேர்ந்து வேலூர் வழியா சென்னை பீச் வரைக்கும் ரயில் இருக்கு. விடியற்காலைல கிளம்புது, கட்டணமும் குறைவு. உட்கார்ந்து போற அளவுக்குத் தெம்பு இருக்கிற நோயாளிக்கு இது பஸ்ஸை விட நல்லது. நேரத்தை மட்டும் ஒரு தடவை விசாரிச்சுக்குங்க.

8/
தங்க: மொதல்ல வார்டு நர்ஸம்மாகிட்ட கேளுங்க. பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் பக்கத்துல, கூட வர்றவங்களுக்காகவே மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கு. நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல.

லாட்ஜ்னா எழும்பூர் ஸ்டேஷன் எதிரே கென்னட் லேன், சென்ட்ரல் பக்கம் பெரியமேடு. வாடகை 24 மணி நேரக் கணக்கா, இல்ல காலையிலேயே காலி பண்ணணுமான்னு முதல்லயே கேளுங்க. பத்து நாளைக்கு மேலன்னா நாலு குடும்பம் சேர்ந்து ஒரு ரூம் எடுத்து, முறை வெச்சுக் குளிச்சுத் தூங்கறாங்க. நல்ல யோசனை.

வாசல்ல நின்னுக்கிட்டு "பெட் வாங்கித் தர்றேன்"னு சொல்றவங்ககிட்ட ஒரு ரூபாய் கூடக் குடுக்காதீங்க.

9/
சாப்பாடு: பெரிய ஆஸ்பத்திரிகள்ல அம்மா உணவகம் இருக்கு. இட்லி ஒரு ரூபாய்னு 2013-ல ஆரம்பிச்சது. காசு மிச்சம் பிடிக்கணும்னா அங்க பிடிங்க, வயித்துல பிடிக்காதீங்க. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க, சாப்பாடு கைக்கு வந்த பிறகு எடுங்க. சட்டைப்பையில ரெண்டு மிட்டாய் எப்பவும் இருக்கட்டும்.

10/
ஒரு பழைய கதை. வடசென்னையில ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வயசானவங்க இன்னும் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி"ன்னுதான் சொல்வாங்க. 1782 வாக்குல பஞ்சத்துல தவிச்சு வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்தின மணியக்காரர் சத்திரம்தான் அதோட மூலம். 1799-ல அங்க வைத்தியமும் சேர்ந்தது.

ராயபுரத்துல பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பணம் குடுத்த சவலை ராமசாமி முதலியார்தான் சென்ட்ரல் எதிரே சத்திரமும் கட்டினார். வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்கு வைத்தியம் மட்டும் போதாது, படுக்க இடமும் வேணும்னு அந்தக் காலத்துலயே புரிஞ்சிருக்கு.

11/
தூக்கம்: ஒரே ஆள் இருக்காதீங்க. ரெண்டு பேர், மூணு நாளைக்கு ஒரு முறை மாத்திக்கணும். அறுபது தாண்டினவங்களை ராத்திரிக் காவலுக்கு வைக்காதீங்க. ராத்திரி பூரா உட்கார்ந்தே இருந்தா கால் வீங்கும், மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா உடனே டாக்டர்கிட்ட காட்டணும், ரத்தக்கட்டியா இருக்கலாம். கட்டிலுக்கு அடியில படுக்காதீங்க. உள்ள போறப்பவும் வெளிய வர்றப்பவும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க.

12/
கடைசியா ஒண்ணு. இதை எழுதும்போது சிலர் சிரிக்கிறாங்க: ஒரு சாயங்காலம் போய்க் கடலைப் பாருங்க.

பறக்கும் ரயில்ல சேப்பாக்கத்துல இறங்கினா மெரினா நடக்கிற தூரம். அவ்வளவு அகலமான மணலே துறைமுகம் கட்டினதால வந்ததுதான். தெற்கேருந்து வர்ற மணலைத் துறைமுகச் சுவர் தடுத்து அங்க சேர்த்துச்சு. கரையில உட்காருங்க, தண்ணியில இறங்காதீங்க. நீரோட்டம் இழுத்துடும்.

13/
எங்கம்மா அந்தப் பத்தொன்பது நாள்ல கடலைப் பாக்கவே இல்ல. ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா ஆசையா கேட்டாங்க, "கடல் பாத்தியா?" அம்மா சொன்னாங்க: "கப்பல் சங்கு ஊதறது ராத்திரியில கேக்கும்."

பல வருஷம் கழிச்சு நான் கூட்டிட்டுப் போனேன். "அன்னைக்கே பாத்திருக்கலாமே, கிட்டக்கதானே இருந்துச்சு"ன்னேன். "உங்கப்பா அப்படிக் கெடக்கையில நான் போய் வேடிக்கை பாத்தா நல்லாவா இருக்கும்?"னாங்க.

14/
இந்த எண்ணம்தாங்க அவங்களைப் படிக்கட்டுல தள்ளுச்சுன்னு நான் நினைக்கிறேன். சாப்பிட்டா தப்பு, தூங்கினா தப்பு, சிரிச்சா தப்பு. நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு இது ரொம்ப அதிகம்.

ஒரு மணி நேரம் நீங்க வெளிய போனா நோயாளிக்கு ஒண்ணும் குறையாது, பக்கத்துக் கட்டில்காரங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க. நீங்க விழுந்தாதான் அவருக்கு ஆளில்லாமப் போகும்.

15/
போன மாசம் கல்வராயன் மலைலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. வீட்டுக்காரருக்குச் சென்னையில சிகிச்சை இன்னும் நடக்குது. மகன் மாத்தி விட்டதால நாலு நாள் ஊருக்கு வந்திருக்காங்க. பிரஷர் பாத்தேன், நார்மல். மாத்திரை தவறல. சீட்டைத் திருப்பிக் காட்டி, "கடைசியா எழுதினதையும் செஞ்சிட்டேன் சார்"னாங்க.

உங்க வீட்டுல யாராவது இப்போ சென்னையில ஆஸ்பத்திரியில இருந்தா, கூட இருக்கிறவங்களுக்கு இன்னைக்கு ஒரு போன் போடுங்க. "அவருக்கு எப்படி இருக்கு?"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி "நீ சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா?"ன்னு கேளுங்க.


பொது மருத்துவர், மூங்கில்துறைப்பட்டு