குறுக்கே ஓடிய கோடு

கோவை கணபதியில் நண்பர் ஒருவர் மோல்டு பட்டறை வைத்திருக்கிறார். கணினிக் கட்டளைப்படி எஃகைச் சீவும் வி.எம்.சி. மெஷின் இரண்டு, ஒன்பது தொழிலாளர்கள். “மூணு நாளா ஒரு கோடு தூங்க விடமாட்டேங்குது, வந்து பாருங்க” என்று போனில் சொன்னார். மறுநாள் காலையிலேயே போய்விட்டேன்.

மேஜை மேல் பி-20 எஃகுக் கட்டி. மிக்ஸியின் மேல்மூடியை பிளாஸ்டிக்கில் வார்ப்பதற்கான அச்சு. அதில் குழிவான பாதியை கேவிட்டி என்கிறார்கள். வெறும் கண்ணுக்கு வழவழப்பாகத்தான் இருந்தது. நண்பர் டார்ச்சைச் சாய்த்து அடித்தார். வளைவின் மேல் சீராக வழுக்கிப் போக வேண்டிய வெளிச்சம் பட்டை பட்டையாக உடைந்து நின்றது. அச்சில் உள்ள பட்டை வார்க்கிற ஒவ்வொரு மூடியிலும் விழும்.

கடைசிச் சுற்றில் எஃகைச் சீவுவது பால் நோஸ் கட்டர். முனை அரைக்கோளமாக இருக்கும். உழும்போது சாலுக்கும் சாலுக்கும் நடுவே மேடு நிற்கிறதல்லவா, அதுபோல இதன் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையே ஒரு சின்ன முகடு மிஞ்சும். 10 மி.மீ. கட்டரை 0.2 மி.மீ. தள்ளித் தள்ளி ஓட்டினால் முகட்டின் உயரம் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இடைவெளியை 0.4 ஆக்கினால் உயரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அவசரப்பட்டு மெஷினில் மிச்சம் பிடிக்கிற நேரத்தைப் பாலிஷ் போடுகிறவர் தன் தோள்வலியால் அடைக்க வேண்டும்.

மெஷினுக்கு அந்தக் கட்டளைகளை எழுதும், அதாவது கேம் புரோகிராம் போடும் பெண் டிப்ளமோ படித்தவர், இருபத்தாறு வயது. இடைவெளியை 0.1 ஆகக் குறைத்துப் பார்த்திருக்கிறார். ஓடும் நேரம் இரட்டித்தது, பட்டை போகவில்லை. கட்டர் ஓடும் வழியான டூல்பாத்தின் டாலரன்ஸை, அதாவது அதில் அனுமதிக்கும் பிழையை, 0.01இலிருந்து 0.002க்கு இறக்கினார். போகவில்லை. புதுக் கட்டர் மாட்டி, டயல் வைத்து ஆட்டம் பார்த்தார்கள். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங் வரை சந்தேகப்பட்டார்கள். இன்னும் என்னென்னவோ சோதித்ததாகச் சொன்னார். அவையெல்லாம் எனக்குப் பிடிபடவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் பாலிஷ்கார அண்ணன். ஐம்பத்து நான்கு வயது. பதினாறில் இந்த வேலைக்கு வந்தபோது காப்பி மில்லிங் காலம். மர மாதிரியை ஒரு முனை தடவிக்கொண்டே போக, இன்னொரு முனை எஃகைக் குடையும். அது விட்டுப் போகிற படிகளைக் கல்லால் தேய்த்துத் தேய்த்தே வாரங்கள் ஓடுமாம். முதலில் 220ஆம் நம்பர் கல், பிறகு 320, 400, 600, அதன் பிறகு எமரி பேப்பர், கடைசியில் வைரப் பசை. முப்பத்தெட்டு வருடம் இப்படித் தேய்த்ததில் விரல்நுனி ரேகைகள் அழிந்துவிட்டன. ரேஷன் கடையில் கைரேகை விழாததால் மனைவிதான் போக வேண்டியிருக்கிறது. அந்த விரல்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வைத்திருக்கிறார். அதுதான் அவருடைய அளவுகோல்.

அந்த நகத்தை எஃகின் மேல் மெதுவாக இழுத்தார். நிறுத்தினார். திசை மாற்றி மறுபடி இழுத்தார்.

“கண்ணு, கட்டர் போன தடம் இப்படிப் போகுது. பட்டை குறுக்கால கெடக்குது. கட்டரோட தப்புன்னா அது போன வழியிலதான இருக்கோணும்?”

“அப்ப மெஷின் இல்லீங்களாண்ணா?”

“ஓட்டற திசையத் திருப்பிப் பாரு. பட்டையும் கூடத் திரும்புதான்னு பாக்கலாம்.”

ஒரு அலுமினியத் துண்டில் டூல்பாத்தை 45 டிகிரி திருப்பி ஓட்டினார்கள். பட்டைகள் அதே இடத்தில் அசையாமல் கிடந்தன. அப்படியானால் தப்பு கட்டரிலோ ஓட்டத்திலோ இல்லை. ஆர்டரோடு வந்த கம்ப்யூட்டர் மாடலிலேயே இருக்கிறது. அந்தப் பெண் திரையில் மாடலைப் பெரிதாக்கிக் காட்டினார். வளைவு வளைவாகவே இல்லை. முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணத் தகடுகள். எஸ்.டி.எல். ஃபைல். 200 மி.மீ. ஆரமுள்ள வளைவை 0.05 மி.மீ. பிழைக்கு இடம்விட்டு இப்படி மாற்றினால் ஒவ்வொரு தகடும் சுமார் 9 மி.மீ. அகலம் வரும். எஃகில் பட்டையை அளந்தோம். ஒன்பது. டூல்பாத்தை எவ்வளவு நுணுக்கினாலும், கட்டர் தகட்டைத் தகடாகத்தானே வெட்டும்!

அசல் வளைவோடு கூடிய ஸ்டெப் ஃபைல் ஆர்டரை வாங்கிக் கொடுத்த இடைத்தரகரிடம் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. “அதக் குடுத்தா நீங்க நேரா கம்பெனியப் புடிச்சுக்குவீங்க” என்றாராம். எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் மறைத்த ஒரு ஃபைலுக்காக ஒரு பட்டறை மூன்று பகல், மூன்று இரவு மெஷினை ஓட்டியிருக்கிறது. கூலி ஸ்பிண்டில் சுற்றும் மணிக்கணக்குக்குத்தான். தப்பைத் தேடிய மணிகளுக்கு பில்லில் இடமே கிடையாது. அந்தக் கூலியாவது நேரத்துக்கு வருகிறதா? சிறு தொழிலுக்குத் தரவேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கெடு தாண்டினால் வாங்கியவர் அதைக் கொடுத்து முடிக்கும்வரை செலவுக் கணக்கில் காட்ட முடியாதென்று 2023இல் வருமான வரிச் சட்டத்தையும் திருத்தினார்கள். ஆனால் நடுவில் ஒருவர் நின்றுகொண்டு, “பார்ட்டி இன்னும் தரலைங்க” என்கிறார். பார்ட்டி யாரென்றே தெரியாத பட்டறை எந்தக் கதவைத் தட்டும்? எஃகைத் தொடாத ஒருவர் இரு பக்கமும் கமிஷன் எடுத்துக்கொள்கிறார். கைரேகையைத் தேய்த்துக் கொடுத்தவர் சனிக்கிழமைச் சம்பளத்துக்குக் காத்திருக்கிறார். இதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நண்பர் அன்று மாலை போனில் கடுமையாகப் பேசிய பிறகே ஸ்டெப் ஃபைல் வந்தது. நல்லவேளை, இது கேவிட்டி. தகடுகளின் நடுவில் எஃகு கூடுதலாகத்தான் நின்றிருந்தது. எதிர்ப்பாதியான கோரில் இதே தப்பு நடந்திருந்தால் எஃகு அளவுக்கு மேல் வெட்டுப்பட்டு, கட்டியே வீணாகியிருக்கும்.

இரவெல்லாம் ஓடி, விடியற்காலையில் மெஷின் நின்றது. அண்ணன் கூலண்ட்டைத் துடைத்துவிட்டு, டார்ச்சைத் தொடாமல் நகத்தை இழுத்தார். அந்தப் பெண் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் கல் டப்பாவைத் திறந்தார். 220ஐயும் 320ஐயும் ஒதுக்கி வைத்தார்.

“நானூறுல இருந்தே தொடங்கிக்கலாம், கண்ணு.”