எழுப்பி

திங்கள், இரவு 2.50

"அண்ணே, சைட் படுத்திருச்சு." இரவு ஷிப்ட் தம்பியின் போன். இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. 504 கேட்வே டைம்அவுட். முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் இருக்கும் ஆப் பதில் சொல்லவில்லை. செத்தே போயிருந்தால் சிஸ்டம்டி தானாக எழுப்பிவிட்டிருக்கும், யூனிட் ஃபைலில் அப்படி எழுதி வைத்திருக்கிறேன். இது சாவதில்லை, கண்ணைத் திறந்தபடி மயங்கிக் கிடக்கிறது. லேப்டாப்பைத் திறந்து, உள்ளே போய், ரீஸ்டார்ட் அடித்தேன். நான்கு நிமிட வேலை. அப்புறம் தூக்கம் வரவில்லை. மெமரிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்

இந்த ரீஸ்டார்ட் வேலைக்கு ஏற்கெனவே ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது என்றார்கள். ஆபீஸில் எல்லோரும் பார்க்கும் ஃபோல்டரில் கிடந்தது. திறந்தால் இரண்டாவது வரியிலேயே ரூட் பாஸ்வேர்டு! அதை எஸ்எஸ்ஹெச்பாஸ் கட்டளைக்கு அப்படியே ஊட்டியிருக்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் அதே மெஷினில் பிஎஸ் அடிக்கிறவர் கண்ணில் பட வாய்ப்புண்டு என்று அதன் மேனுவலே எச்சரிக்கிறது. கூடவே, எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்று சரிபார்க்கும் வசதியையும் அணைத்து வைத்திருக்கிறார்கள். 'தொந்தரவு பண்ணுது' என்று ஒரு கமென்ட் வேறு.

1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அந்த எரிச்சலில்தான் டாட்டு இலோனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் நடுவே காலியாக இருந்த 22ஆம் போர்ட்டைக் கேட்டு வாங்கினார். அவ்வளவு பாடுபட்டு அவர் மறைத்ததை நாம் ஒரு ஃபைலில் எழுதி ஷேர் பண்ணுகிறோம்.

ரூட் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

புதன்

தம்பிக்குத் தேவை ஒரே ஒரு வேலை. அதற்கு முழு வீட்டுச் சாவி எதற்கு?

சர்வரில் 'எழுப்பி' என்று ஒரு யூசர். தம்பியின் மெஷினில் எட்25519 வகைச் சாவி ஒன்று உருவாக்கி, பாஸ்ஃப்ரேஸும் போட்டாயிற்று. அதன் பொதுப் பகுதியைச் சர்வரில் ஒட்டும்போது, அதே வரியின் தொடக்கத்தில் இரண்டு சேர்த்தேன். ஒன்று 'ரெஸ்ட்ரிக்ட்': டெர்மினல் கிடையாது, போர்ட் ஃபார்வர்டிங் கிடையாது. இன்னொன்று 'கமாண்ட்': இந்தச் சாவியோடு வந்து எதைக் கேட்டாலும் நான் குறித்த ஸ்கிரிப்ட் மட்டுமே ஓடும். சர்வரின் கைரேகையை வாடகைக் கம்பெனியின் கன்சோலில் படித்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தம்பியின் மெஷினில் பதிந்தேன்.

அந்த ஸ்கிரிப்டின் உரிமையாளர் ரூட். எழுப்பிக்கு அதைத் திருத்த அனுமதியில்லை. திருத்த முடிந்தால் பூட்டைப் போட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதைதான். எழுப்பிக்கு ரீஸ்டார்ட் உரிமை தர விசூடோவில் ஒரே வரி, கட்டளையின் முழுப் பாதையோடு. நட்சத்திரக் குறி போட்டிருந்தால் எதை வேண்டுமானாலும் ரீஸ்டார்ட் செய்யலாம். ஸ்டேட்டஸுக்கு சூடோ கொடுக்கவே இல்லை. பழைய சிஸ்டம்டியில் அது லெஸ் வழியாகப் பக்கம் காட்டும். அங்கே ஆச்சரியக்குறியும் எஸ்ஹெச்சும் அடித்தால் ரூட் ஷெல் கையில்.

வியாழன்

அரை நாள் வீண். ஓட்டினால் 'பாஸ்வேர்டு வேண்டும்' என்று சூடோ அடம். விசூடோவில் நான் எழுதியது வெறும் பெயர். ஸ்கிரிப்டில் அதே பெயருக்குப் பின்னால் 'டாட் சர்வீஸ்'. சிஸ்டம்சிடிஎல்லுக்கு இரண்டும் ஒன்று. சூடோவுக்கு எழுத்து எழுத்தாகப் பொருந்த வேண்டும். அந்தக் கறார்தனத்துக்காகத்தானே அதை நம்புகிறோம், கோபப்பட்டு என்ன செய்ய?

இன்னும் இரண்டு சேர்த்தேன். ரீஸ்டார்ட் கட்டளை பிழையில்லாமல் முடிந்தால் ஆப் எழுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எங்கள் யூனிட் மாதிரியானவற்றில் ப்ராசஸ் கிளம்பியதுமே வெற்றி என்று சொல்லிவிடும். அதனால் நொடிக்கு ஒரு தடவை, பத்துத் தடவை, கர்ல் போய்க் கதவைத் தட்டும். 200 வந்தால்தான் 'சரி' என்று எழுதும். இன்னொன்று, எழுப்புவதற்கு முன்பு மெமரி நிலவரம், திறந்திருக்கும் கனெக்ஷன்கள், லாகின் கடைசி 200 வரி, எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் கொட்டிவிடும். ரீஸ்டார்ட் தடயத்தை அழித்துவிடுகிறது. திங்கட்கிழமை நானே அழித்தேன்.

மாலையில் தம்பியை உட்காரவைத்து, சாவியோடு 'ரீபூட்' கேட்டுப் பார்க்கச் சொன்னேன். ஓடியது ஸ்கிரிப்ட் மட்டும்தான். "அப்ப என்னால எதையும் கெடுக்க முடியாதுல்ல அண்ணே?" என்றான். அவனுக்குத்தான் அதிக நிம்மதி.

சனி, காலை

போன் வரவில்லை. லாகில் அதிகாலை 3.12க்குத் தம்பியின் சாவி, அடுத்த வரியில் சூடோ, ஏழாவது தட்டலில் 200. தடய ஃபைலைத் திறந்தேன். மெமரியில் பாதி சும்மா கிடந்திருக்கிறது. டேட்டாபேஸின் 5432ஆம் போர்ட்டுக்கு இருபது கனெக்ஷன். எங்கள் கனெக்ஷன் பூலில் இருப்பதே இருபதுதான். கனெக்ஷனை வாங்கிவிட்டுத் திருப்பித் தராத புரோகிராம் வரி ஒன்று எங்கோ இருக்கிறது. திங்கட்கிழமை அதைத் தேட வேண்டும்.